ப்

எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம்
என்றிருந்தது படிவத்தில்.
சிரிப்பு வந்தது.
நாற்பத்தொரு வருடமாய் நான் தேடுகிற வசதி.
கையெழுத்துக்குக் கொன்னை இல்லை எனக்கு:
பத்மலோஜினி, ஒரே இழுவையில்.

திருகோணமலை ஆஸ்பத்திரி,
மருந்து கொடுக்கும் யன்னலுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை.
ஆராய்ச்சிக்கு வந்த பிள்ளை கிண்ணியா, பெயர் பஸ்மியா.
அவளுக்கும் அதே எழுத்து.
தண்ணி குடிக்கிற மாதிரிச் சொன்னாள்.
மேசையில் றெக்கோடர், சீவிய பென்சில்,
நிலாவெளி உப்பளம் பற்றி ஒரு பக்கம்.
நான் தடக்குப்படும் இடமெல்லாம் கோடு போடுவாளாம்.

தடக்குப்படவில்லை.
பாத்திகள், படிகங்கள், பருவக்காற்று,
எனக்கென்றே கிடங்கு வெட்டி வைத்த சொற்கள்.
ஒன்றிலும் விழவில்லை.
கடன் கேட்டுப் போன வீட்டில்
கைப்பைக்குள் காசு கிலுங்கியதுபோல் வெட்கம்.
"பரவாயில்லை அக்கா, இதுவும் தரவுதான்."

கேள்வித்தாளில் இருபத்தேழாவது:
பேச்சுத் தடையால் பாதிப்பு ஏற்பட்டதுண்டா?
இல்லை. சிறிது. ஓரளவு. மிக.

இரண்டாயிரத்து ஆறு, கண்டி வீதிச் சோதனைச் சாவடி.
பெயர் கேட்டான்.
என் உதடு மூடிக்கொண்டது.
அவன் துவக்கை மற்றக் கைக்கு மாற்றினான்.

ஓரளவு. புள்ளடி போட்டேன்.

"கடைசியா ஒண்டு. சேர்ந்து வாசிப்பம்."
இரண்டு குரல், ஒரே உப்பளம்.
அவள் குரலின் கரியரில் ஏறிக்கொண்டது என் குரல்.
எனக்குள் இப்படி ஒருத்தி இருந்தாளா,
காற்புள்ளியில் மூச்சுவிட்டு, முற்றுப்புள்ளியில் இளைப்பாறி?
வெயில் ஏற ஏற நீர் வற்றி என்ற வரியில்
அவள் மெல்ல நிறுத்திவிட்டாள்.
ஓட்டியவள் இறங்கியது தெரியாமல்
கரியரில் இருந்தபடியே இன்னும் இரண்டு வரி போனேன்.
நிமிர்ந்தேன்.
அவள் வாய் மூடியிருந்தது.

ப்

பென்சில் அசைந்தது. முதற்கோடு.

போக்குவரத்துச் செலவு ஐந்நூறு ரூபாய்.
பஸ்சில் கொண்டக்டர் கேட்டான், "எங்க?"
என் வீடு பாலையூற்றில்.
பதினெட்டு வருடமாக
அன்புவழிபுரம் என்று ரிக்கெற் எடுத்து
இறங்கி, வெயிலில் நடந்து வருகிறேன்.
எத்தனை செருப்புத் தேய்ந்தது
என்று அந்தத் தாளில் கேள்வி இல்லை.

இன்று உதட்டை மூடினேன்.
ப்
ப்
பின்னால் யாரோ நாக்கைச் சொட்டினார்கள்.
மடியில் மீன்பெட்டியோடு இருந்தவர்
என் வாயையே பார்த்தார்.

"பாலையூத்தா?" என்றான், நல்ல பெடியன்,
ரிக்கெற்றைப் பாதி கிழித்தபடி.

சரியான ஊர்தான்.
ஆனால் அது அவன் சொன்னது.

இல்லையென்று தலையாட்டினேன்.
அவன் கை அந்தரத்தில் நிற்க,
மறுபடி
முதலிலிருந்து