நாற்பத்தொன்றாவது வீடியோ

கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் எந்திரம்
இரவு பதினொன்றுக்குத்தான் கண் விழிக்கும்.
மண்ணாய் வந்த மூட்டை
செம்மஞ்சளாய்ப் போகும்.
நடுவில் நான், ஒரு நோட்டு,
இரண்டு ஸ்வெட்டர்.

ஈர விரலை என் போன் மதிப்பதில்லை.
மூக்கு நுனியால் தொட்டுத்தான்
அவரை நிறுத்துகிறேன்,
மூக்கு நுனியால்தான் பத்து நொடி பின்னுக்கு இழுக்கிறேன்.
"இப்ப ஒரு ஃபங்ஷன் எழுதலாம்" என்கிறார்
மூன்றாம் முறையாக, சலிக்காமல்.

பெயர் தெரியாது. முகம் காட்டியதில்லை.
திரையில் ஓர் அம்புக்குறி, ஒரு குரல்,
குரலுக்குப் பின்னால் கடகடக்கும் மின்விசிறி.
எந்த ஊரோ, வேர்க்கிற ஊர்.
பத்தொன்பதாவதில் கரண்டு போனது.
விசிறி நின்ற அமைதியில்
முதன்முதலாக அவர் மூச்சு கேட்டது.
வெளியே தை மாத உறைபனி.
அந்த விசிறிச் சத்தத்துக்கே எனக்குக் குளிர் கூடும்.

லேப்டாப், கோயம்புத்தூர்ச் சித்தி மகன் கழித்துக் கட்டியது.
திறக்கும் நெளி அடைப்புக்குறிக்கு விசை இல்லை;
மிச்சமிருக்கும் ரப்பர் மொட்டைப்
பேனா மூடியால் அழுத்த வேண்டும்.
திறந்தா மூடணும், திறந்தா மூடணும் என்பார் அவர்.
லாரி ஓட்டும் இருதயம் எட்டிப் பார்த்து,
"இது நம்ம பர்லியார் வளைவுல்ல?
ஒண்ணுல திரும்புனா
இன்னொண்ணுல திரும்பித்தான் ஆகணும்" என்றார்.
அதற்குப் பிறகு அந்தக் கணக்கு எனக்குத் தவறவில்லை.

நாற்பத்தொன்றில் ஒரு கடை கட்டி முடித்தோம், அவரும் நானும்.
கூடையில் பொருள் விழுந்தது. மொத்தத் தொகை வந்தது.
"டெலீட் பட்டனை அடுத்த வீடியோல பாப்போம்."
அடுத்த வீடியோ இல்லை.
தேதியைப் பார்த்தேன், மூன்று வருஷம்.
வேலை கிடைத்திருக்கலாம்.
கல்யாணம், கடன், காய்ச்சல், எதுவும் ஆகியிருக்கலாம்.
என் கூடை மட்டும் நிறைந்துகொண்டே போனது,
எடுக்க வழியில்லாமல்.

ஒன்பது இரவு முட்டிப் பார்த்தேன்.
பொருள்களைத் தூக்கிவிட்டு, சோதனைக்கு,
எங்கள் ஷிஃப்டின் பெயர்களைப் போட்டேன்:
முதலில் ஜார்க்கண்டு சுக்ரா,
அடுத்து முதலாளி லிங்கா கவுடர்,
அப்புறம் இருதயம், மல்லம்மா, நான்.
சுக்ராவை நீக்கு என்றேன்.
சுக்ரா இருந்தான்.
முதலாளி காணாமல் போனார்.

"இன்னொரு தடவை, பவுலின் தீதி" என்றான் சுக்ரா.
புதுப்பித்தேன். முதலாளி வந்தார்.
அழுத்தினேன். போனார்.
மல்லம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல்.
ஏழெட்டு முறை அனுப்பிவைத்தோம் லிங்கா கவுடரை,
எந்திரம் சும்மா சுற்ற.

சுமை ஏற்றி எல்லோரும் போன பிறகுதான் உறைத்தது.
மூட்டை எண்ணுகிற கை என்னுடையது,
சுக்ராவை ஒன்று என்று வைத்திருக்கிறது.
அதற்கோ எண்ணிக்கை
பூஜ்யத்தில் தொடங்குகிறது.
ஆறாவது வீடியோவிலேயே சொல்லியிருந்தார்;
மூக்கால் தள்ளிவிட்டிருக்கிறேன்.

ஒன்றைக் கழித்தேன்.
சுக்ரா மறைந்தான்.
என்னமோ போலிருந்தது,
அவனைத் திரும்பச் சேர்த்துவிட்டுத்தான் மூடினேன்.

மறுநாள் முதல் மூட்டைக்கு
நோட்டில் ஒன்று என்றே எழுதினேன்.
கூலி அந்தக் கணக்கில்தான்.

நாற்பத்தொன்றை இன்னமும் ஓடவிடுகிறேன்.
பாப்போம் என்று அவர் முடித்த பிறகும்
நாலு நொடி விசிறி ஓடுகிறது.
அதில் கற்க ஒன்றுமில்லை.
விரல் காய்ந்துதான் இருக்கிறது,
நிறுத்தவில்லை.