பெயர் வெளியிட விரும்பாத ஊழியர்

நானும் எழுதிப் பிழைக்கிறவன்தான்.
தங்கல் ஷார்ஜா சஜ்ஜா கேம்ப்பில்,
அல் நஹ்தாவில் எழும்பும் பதினொரு மாடிக்கு
டைம்கீப்பர்.
பெயர், எண், வந்த நேரம், போன நேரம்.
கோடை மூன்று மாதமும்
எல்லாப் பெயருக்கும் நேரே
பன்னிரண்டரை முதல் மூன்றுவரை ஓய்வு என்று
காலையிலேயே எழுதிவைத்துவிடுவேன்.
மதியம் எழுதினால் கை நடுங்கும்.

மேலே ஏழாம் தளத்தில் அப்போது
கம்பி கட்டிக்கொண்டிருப்பார்கள்.
துணி சுற்றாமல் கம்பியைத் தொட முடியாது.
தண்ணீர் கீழே.
இறங்கி ஏற இருபது நிமிடம்,
அதற்கும் ஃபோர்மேன் கணக்குக் கேட்பான்.

என் கட்டில் தலைமாட்டில்
பரமக்குடி ஜவுளிக்கடை தினசரி காலண்டர்.
கிழித்த தாளின் பின்பக்கம் சும்மாதானே இருக்கிறது,
அதில் உண்மை நேரத்தை எழுதி வந்தேன்.
எதற்கென்று எனக்கே தெரியாது.
பாவக்கணக்கு என்றோ பழக்கதோஷம் என்றோ
வைத்துக்கொள்ளுங்கள்.
ஒரு சனிக்கிழமைத் தாளின் முன்பக்கம்:
எமகண்டம் ஒன்றரை முதல் மூன்று.
பின்பக்கம் என் கையெழுத்து:
முப்பத்தெட்டுப் பேர், இடைவேளை இல்லை,
காந்திராஜா இரண்டு முறை வாந்தி.

கமுதி காந்திராஜாவுக்கு வயது முப்பத்திரண்டு.
இப்போது மதுரையில்
வாரம் மூன்று நாள் அவர் இரத்தம்
ஓர் இயந்திரத்துக்குள் போய்விட்டு வருகிறது.
ஊரிலிருந்து கொண்டுவந்த நோய் என்றது கம்பெனி,
என்னவோ பெட்டியில் வைத்த ஊறுகாய் பாட்டில் போல.

சுலைஹா வந்தது ஒரு வெள்ளிக்கிழமை.
காயல்பட்டினத்துப் பேச்சு, கோடு போடாத நோட்டு.
முன்பு பெரிய பத்திரிகையில் இருந்தாராம்.
எங்கள் கம்பெனியின் முழுப்பக்க விளம்பரம் வந்த வாரம்
இவர் எழுதியது வரவில்லையாம்.
இப்போது திருச்சியில் அச்சாகும் மாத இதழ்,
ஆயிரத்துச் சொச்சம் சந்தா.
விளம்பரம் கிடையாது,
சில மாதம் சம்பளமும் கிடையாது.

தாள்களைப் பார்த்ததும் கண் கலங்குவார் என்று நினைத்தேன்.
"அன்றன்றைக்கே எழுதியதா,
பிறகு உட்கார்ந்து எழுதியதா?" என்றார்.
சுருக்கென்றது.
ஒவ்வொரு தேதியையும்
அன்றைய வெயில் கணக்கோடு ஒட்டிப் பார்த்தார்.
மதுரை டாக்டரைக் கேட்டார்.
தண்ணீர் லாரி ஓட்டும் பெஷாவர்க்காரரைக் கேட்டார்.
கடைசியில் கம்பெனியையும் கேட்டார்.
திருடனிடமே போய்
திருடினாயா என்றா கேட்பார்கள் என்று கத்தினேன்.
"கேட்டு எழுதினால்தான் நீங்கள் சொன்னது நிற்கும்."
நோட்டிலிருந்து தலை தூக்கவில்லை.

செய்தி வந்தது, பதினாறாம் பக்கத்தில்.
காந்திராஜா என்று அவர் பெயரே இருந்தது.
இங்கே பாஸ்போர்ட்டைப் பார்த்து
ஆறு வருஷமாய் அவர் அப்பா பெயரைச் சொல்லித்தான்
கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.
என்னைப் பற்றி ஒரே வரி:
பெயர் வெளியிட விரும்பாத ஊழியர் ஒருவர்.
அடுத்தவர் பெயரை எழுதியே சம்பளம் வாங்கியவன்
வாழ்க்கையில் எடுத்த நல்ல பெயர்
அது ஒன்றுதான்.

உலகம் புரண்டுவிடவில்லை.
கம்பெனி மறுப்பு அனுப்பியது,
அதையும் அச்சிட்டார்கள்.
காந்திராஜாவுக்கு இன்னும் பணம் வரவில்லை.
இதழைக் கையில் வைத்துக்கொண்டு
ஒரு வக்கீல் மட்டும் அவர் வீடு தேடிப் போயிருக்கிறார்.
சுலைஹாவின் விசா புதுப்பிக்கப்படவில்லை என்று கேள்வி.
உண்மையா தெரியாது.
அவராக இருந்தால் இன்னும் இரண்டு பேரிடம் கேட்டிருப்பார்.

நேற்று பன்னிரண்டரைக்கு ஹூட்டர் அடித்தது.
பதினொன்றாம் தளத்திலிருந்து
ஒவ்வொருவராய் இறங்கி வந்து
பச்சை வலை நிழலில்
ஹெல்மெட்டைத் தலைக்கு வைத்துப் படுத்தார்கள்.
யாரோ குறட்டை விட்டார்கள்.
முதன்முறையாக, மதியத்தில்,
ஆளைப் பார்த்துப் பார்த்து எழுதினேன்: ஓய்வு.

மூன்று மணிக்கு ஏழு நிமிடம் இருக்கும்போதே
ஃபோர்மேன் கைதட்டி எழுப்பிவிட்டான்.
இராத்திரி காலண்டர் தாளைக் கிழித்து
அந்த ஏழு நிமிடத்தையும்
குறித்து வைத்திருக்கிறேன்.