எரிந்ததாம்

'இஸ்ட்' என்றால் இருக்கிறது.
'ஸை' என்றால் இருக்கிறதாம்.
மற்ற வினைகளுக்கு வாலில் ஓர் 'எ' போதும்,
'ஹாட்' போய் 'ஹாபே' வரும்,
சொல்பவர் கை கழுவிக்கொள்ளலாம்.
உப்புவெளி ஹோட்டலில் சம்பளம் கூடுமென்று
டொக்யார்ட் வீதியில் சேர்ந்த வகுப்பு.
முகம் சுளிக்காமல் எனக்கு வரவில்லை அந்தச் சொல்:
ஸை.

தம்பி நவரூபனுக்கு வந்த நிராகரிப்புக் கடிதம்
பதினொரு வருடமாய் பாஸ்போட் உறைக்குள்.
அவன் இப்போது டோஹாவில் லொறி ஓட்டுகிறான்.
'எறி அதை' என்கிறான்.
இன்றைக்குத்தான் வாசிக்க முடிந்தது.

விண்ணப்பதாரர் திருகோணமலையைச் சேர்ந்தவராம்.
அலஸ்தோட்டத்தில் வீடு இருந்ததாம்.
எரிந்ததாம்.
அக்கா ஒருத்தி இருக்கிறாளாம்.

இருக்கிறேன்.
கோட்டை வாசல் நிழலில்,
மடியில் கடிதத்தோடு.
பாண் துண்டு தேடி வந்த மான் ஒன்று
ஜேர்மன் முத்திரையை முகர்ந்து பார்த்து
வேண்டாமென்று போனது.

பேனையை எடுத்தேன்.
ஓரத்தில், தமிழில்,
பிரித்தெழுதுக என்ற கேள்விக்கு
விடை எழுதும் நாலாம் வகுப்புப் பிள்ளைபோல
அழுத்தி எழுதினேன்:

எரிந்தது.
ஆம்.