லண்டன் பன்னிரண்டரைக்குத் திறக்கும்

பாயின் மகன் சென்னையிலிருந்து
வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தான்:
உலக நிதி மையங்கள், தரவரிசை.
நியூயார்க், லண்டன், ஹாங்காங், சிங்கப்பூர்.
கீழே ஒரு வரி:
"நம்ம கடை எத்தனாவது, எஸ்தரக்கா?"

நான் டாக்கா எண்ணிக்கொண்டிருந்தேன்.
(ஊருக்கும் நோட்டுக்கும் நம் நாக்கில் ஒரே பெயர்.)
காந்தி ரோட்டில், ஆஸ்பத்திரிப் பக்கம்,
இரண்டு லாட்ஜுகளுக்கு நடுவே
ஆறடிக்கு நாலடி எங்கள் மையம்.
கண்ணாடியில் அரைவட்டத் துளை.
அதன் வழியே பணம் வரும்,
கூடவே கொஞ்சம் டெட்டால் வாசனை.

சிங்கப்பூர் திறக்கும்போது
சத்துவாச்சாரியில் பால் பாக்கெட் வெட்டுவேன்.
லண்டன் மார்கழியில் ஒன்றரைக்கு, கோடையில் பன்னிரண்டரைக்கு.
பலகையில் விலையை அழித்தெழுதிவிட்டுத்தான்
டிபன் பாக்ஸைத் தொடலாம்.
நியூயார்க் விழிக்கையில் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும்;
அதன் கோபம் எனக்கு மறுநாள்தான் தெரியும்.

அறிக்கையில் ஐந்து தலைப்புகள்.
தொழில் சூழல், மனித வளம், கட்டமைப்பு,
நாலாவது மறந்துவிட்டது,
கடைசியில் நற்பெயர்.

வெள்ளிக்கிழமை, பதினொன்றே முக்கால்.
ராஜ்ஷாஹியிலிருந்து மொமேனா பேகம்.
இடுப்பில் துணிப்பை, கக்கத்தில் ஸ்கேன் கவர்,
வாசலில் சக்கர நாற்காலியில் கணவன்.
"கொதோ?"
சொன்னேன்.
பதில் பேசாமல் நாற்காலியைத் திருப்பினாள்.

எதிர்க்கடை ஒரு பைசா கூடுதல்.
மூலைக்கடை இரண்டு.
அறுபதாயிரம் டாக்காவுக்கு இரண்டு பைசா என்றால்
ஆயிரத்து இருநூறு ரூபாய்,
லாட்ஜில் மூன்று இரவு.
ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு படி.
ஒவ்வொரு படியிலும் அவரை வெயிலில் நிறுத்திவிட்டு ஏறினாள்.
போட்டித்திறன் என்ற சொல்லை
அன்றுதான் கண்ணால் பார்த்தேன்:
நாலு சக்கரம், அதில் ஒன்று கிறீச்சிடும்.

திரும்பி வந்தாள்.
எங்கள் நற்பெயருக்காக அல்ல.
எதிர்க்கடையில் கரண்ட் போய்
நோட்டெண்ணும் மெஷின் செத்திருந்தது.
மூலைக்கடைக்காரர் ஜும்மாவுக்குப் போய்விட்டார்.
எங்கள் பாயும் போயிருந்தார்;
மனித வளம் என்று நான் இருந்தேன்.

அதற்குள் பன்னிரண்டு முப்பத்தைந்து.
டாலர் அசைந்தால் டாக்காவும் அசையும்.
பலகையில் கால் பைசா குறைத்திருந்தேன்.
பலகையைப் பார்த்தாள்,
என் கையிலிருந்த அழிப்பானைப் பார்த்தாள்.
அது லண்டனின் வேலை, என்னுடையதல்ல
என்று சொல்லுமளவுக்கு
எனக்கு வங்காளம் வராது.

கையெழுத்துப் போட்டாள்.
அவளுக்குக் குறைந்தது நூற்றைம்பது ரூபாய்.
இரவு பாய் கணக்குப் பார்த்தபோது
எங்கள் பெட்டியிலும் அது இல்லை.
எங்கே போயிற்று என்று கேட்டால்
அந்த நாலு ஊரில் ஏதாவது ஒன்றைச் சொல்லலாம்.

பையனுக்குப் பதில் அனுப்பினேன்:
"மூணாவது, தம்பி.
எதிர்ல கரண்ட் போனா முதல்."