எக்ஸ்ரே உறையின் பின்பக்கம்

பழுப்பு உறை. முன்பக்கம்
பெயர், வயது, இடதா வலதா.
பின்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை.
அங்கேதான் எழுதினேன்,
கோரிப்பாளையமே கண் சொருகும்
ராத்திரி இரண்டரைக்கு.

ஒன்று, பிங்க் ஃபிளாய்ட்.
இதில் பேச்சுக்கே இடமில்லை.
இருபத்திரண்டு வருஷமாக எனக்கு ஒரே வசனம்:
மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க.
அந்தப் ‘பிடிங்க’வை
நாலு நிமிஷத்துக்கு நீட்டத் தெரிந்தவர்கள் அவர்கள்.

இரண்டு, லெட் செப்பெலின்.
டிரம்ஸுக்காக மட்டும்.
அந்தக் குரலைப் பற்றி நான் நினைப்பதைச் சொன்னால்
அடிக்க வருவீர்கள்.
எங்கள் பல் பிரிவிலிருந்து அப்படித்தான் கேட்கும்,
ஊசி போடுமுன்.

மூன்று, டீப் பர்ப்பிள்.
நரிமேட்டுச் சர்ச்சில் ஓர் ஆர்கன்
ஞாயிறு தவறாமல் அடக்கமாக உட்கார்ந்திருக்கும்.
கெட்ட சகவாசம் கிடைத்தால்
அது என்னவெல்லாம் ஆகும் என்று
இவர்களிடம்தான் தெரிந்துகொண்டேன்.
அதற்குப் பிறகு
ஜெபத்தின்போது அதன் பக்கம் திரும்புவதில்லை.

நான்கு, பிளாக் சபாத்.
கிட்டார்காரருக்கு இரண்டு விரல் நுனி கிடையாது.
தகரப் பட்டறையில் மெஷின் எடுத்துக்கொண்டது.
கப்பலூரிலிருந்து பனியனைச் சுற்றிக்கொண்டு
பையன்கள் வருவார்கள்.
விரலைத் தட்டில் பரப்பிவைத்து
படம் எடுக்கும்போதெல்லாம்
சொல்ல வாய் வரும்.
ஒருநாளும் சொன்னதில்லை.

ஐந்தில்தான் தகராறு.
ஆம்புலன்ஸ் அபுதாகிர்
குயீனைப் போடு என்று நிற்கிறான்.
உச்சத்தில் இழுத்து அழுகிற கிட்டார் அவனுக்கு ஆகாது.
“பன்னெண்டு மணி நேரம் சைரனுக்குக் கீழ
உக்காந்து பாருக்கா, அப்புறம் பேசு.
எனக்கு மனுசக் குரல் வேணும்,
அடுக்கடுக்கா.”
டீ ஆறியது. ஏவி பாலத்தில் முதல் பஸ் போனது.
அவனுக்கு ஒரு கேஸ் வந்தது.
ஐந்து என்று மட்டும் போட்டு
காலியாக விட்டேன்.

காலையில் உறையைக் காணோம்.
தட்டுகளில் தேடினேன், குப்பையில் தேடினேன்.
பதிவேடு சொன்னது:
ஒச்சப்பன், 52, வலது விலா.
உசிலம்பட்டிப் பக்கம்
டாடா ஏஸிலிருந்து விழுந்தவர்.
டிஸ்சார்ஜ்.

நாற்பது நாள் கழித்து வந்தார்,
உரப் பைக்குள் அதே உறையோடு,
ஓரம்கூட மடங்காமல்.
“பின்னால ஏதோ மருந்து எழுதியிருந்தீகளேம்மா,
எங்கயுமே சிக்கல.
மூணு மெடிக்கல் ஏறி இறங்கிட்டேன்.
நாலாவது கடைப் பையன்தான்
பாத்துட்டுச் சிரிச்சான்.
கொஞ்ச நேரம் வச்சிருந்தான்.
காசு வேணாம், இத அந்தம்மாட்டயே குடுங்கன்னான்.”

திருப்பிப் பார்த்தேன்.
நீல மை. மருந்துக் கடை எழுத்து.
லெட் செப்பெலினுக்கு நேரே
இரண்டை அடித்து ஒன்றாக்கி
கீழே இரண்டு கோடு.
சபாத் பக்கத்தில்: இரவு மட்டும்.
ஐந்தில், ஜெத்ரோ டல்.
காலை ஒன்று, மாலை ஒன்று, சாப்பாட்டுக்குப் பின்.

ஜெத்ரோ டல்!
ராக்கில் என்ன புல்லாங்குழல் என்று
பதினேழு வயதில் நான் தள்ளிவைத்தது.
ஒரு கேசட்டை
பாதியில் நிறுத்தித் திருப்பிக் கொடுத்தது.
உசிலம்பட்டியில், காய்ச்சல் மாத்திரைக்கும்
குழந்தைப் பவுடருக்கும் நடுவில் நின்றபடி
இந்த அநியாயத்தை
யாரோ கண்டுபிடித்துவிட்டான்.
அபுதாகிரிடம் எப்படிச் சொல்வேன்?

ஒச்சப்பனைப் பலகையோடு ஒட்டி நிறுத்தினேன்.
தோளை முன்னால் தள்ளிவிட்டேன்.
கதவைச் சாத்திவிட்டு
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து
சொன்னேன்,
மூச்சை இழுங்க.
பிடிங்க.

கையில் உறை.
அந்த ‘ஒன்று’க்குக் கீழே இரண்டு கோடு.
எவ்வளவு திமிர்.
ஒருவேளை, டிரம்ஸை மட்டும் வைத்துப் பார்த்தால்...

உள்ளேயிருந்து
நெஞ்சு புடைத்த குரலில் ஒச்சப்பன் கேட்டார்:
“ம்மா, விட்ரலாமா?”