குரல்வளை

சாவோ பாவ்லோவில்
என் ஜன்னலும் மேம்பாலச் சாலையும் ஒரே உயரம்.
வார நாட்களில் கார்க்காரர்கள்
என் அடுப்பில் பீன்ஸ் வெந்ததா என்று
எட்டிப் பார்த்தபடி போவார்கள்.
சனி ஞாயிறு கார்களுக்குத் தடை.
அன்றுதான் அந்தச் சாலை நடக்கப் பழகும்.
சறுக்குப் பலகைப் பையன்கள், நாய்கள்,
குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டே
பறை தட்டும் ஒருவன்,
பச்சைக் குடையின் கீழ்
கைக்குக் கிடைத்ததை விற்கும் நெய்டே.
போன வாரம் அவளிடம் ஒற்றைச் செருப்பு இருந்தது.
வாங்கவும் ஆள் இருந்தது.

நான் பேருந்தில் சில்லறை வாங்குபவள்.
இரவுப் பணி.
ஞாயிறு நான் தூங்கும் நாள்,
அதாவது தூங்க முயலும் நாள்.

எதிர்க் கட்டடத்தின் பக்கச் சுவர்
பதினாறு மாடி வெறும் சிமெண்ட்.
அதில் ஒரே ஒரு ஓட்டை.
ஒன்பதாம் மாடி வால்டெசிர்
நகராட்சியைக் கேட்காமல்
ஓர் இரவில் உடைத்துப் போட்ட ஜன்னல்.
காற்றுக்காக என்றான்.
டிராம்போனுக்காக என்று பிறகு தெரிந்தது.
அந்தக் குழலை முழுசாய் நீட்ட
அவன் அறையின் நீளம் போதாது.
கடைசிச் சுரத்துக்கு
அரை முழம் வானம் தேவை.

ஆகஸ்டில் கயிற்றுத் தொட்டிலில் தொங்கியபடி
ஜந்தீரா வந்தாள்.
வண்ண வாளிகள், நாக்கு நுனியில் கெட்ட வார்த்தை,
கையில் முறையான அனுமதிக் கடிதம்.
மேலிருந்து கீழாக ஒரு பெண்ணைத் தீட்டினாள்.
முதல் வாரம் நெற்றி.
இரண்டாம் வாரம் கண்கள்
(அதன்பின் நான் திரை போட்டுத்தான் உடை மாற்றினேன்).
மூன்றாம் வாரம் இறுக மூடிய உதடுகள்.
நான்காம் வாரம் கழுத்துக்கு இறங்கும்போது
உள்ளிருந்து குழல் நீண்டு
வாளியில் இடித்தது.

காவி நிறம் ஒன்பது மாடி இறங்கி
நெய்டேயின் குடைமேல் விழுந்தது.
அந்தக் குடையை அன்றே
இரட்டை விலைக்கு விற்றாள்.

மேலே சண்டை.
"ரெண்டு வாரம் மூடி வை."
"சனிக்கிழமை கல்யாணத்தில் வாசிக்கணும்."
"இது என் சுவர்."
"இது என் மூச்சு."
பிறகு காற்று திசை மாறியதால்
மீதி எனக்குக் கேட்கவில்லை.

மறுநாள் அவள் அளவு நாடாவோடு வந்து
ஜன்னலை அளந்தாள்.
சுற்றிலும் நிழல் போட்டாள்,
ஈரமான, ஆழமான நிழல்.
தொண்டைக்குழி சரியாக அங்கே விழுந்தது.

செவ்வாய்க்கிழமை ஒரு கோப்போடு அதிகாரி வந்தார்.
ஓவியத்துக்கு அனுமதி உண்டு, ஜன்னலுக்கு இல்லை.
கீழே நின்று கழுத்து வலிக்க அண்ணாந்தார்.
பணி முடிந்து வந்த என்னை நிறுத்தி,
"அது நிஜ ஜன்னலா, வரைந்ததா?" என்றார்.

பதினோரு வருஷம் கள்ள நாணயத்தை
விரல் நுனியில் கண்டுபிடித்தவள் நான்.
"தெரியலீங்க,
இப்பல்லாம் நல்லா வரையறாங்க" என்றேன்.

சொல்லி முடிக்குமுன்
பித்தளை மினுங்கும் ஒரு வளைவு
மெல்ல, மிக மெல்ல
உள்ளே போனது.
அவர் பார்த்தார்.
அவர் பார்த்ததை நான் பார்த்தேன்.
கோப்பில் ஏதோ எழுதினார்.
பக்கத்தில் கரும்புச்சாறு எங்கே கிடைக்கும் என்று
விசாரித்துக்கொண்டு போனார்.

குரல்வளை என்கிறோம்.
வளை என்றால் கைக்குப் போடுவது,
நண்டு ஒளிந்து வாழ்வதும் அதுதான்.
இந்த ஊரின் மூடிய வாய்க்குக் கீழே
வாடகை பாக்கியோடு ஒருவன் குடியிருக்கிறான்.

ஞாயிறு.
அதே நான்கு சுரம்.
மூன்றாவது இன்னமும் தப்பு.
தலையணையை எடுத்துக்கொண்டு
ஜன்னல் வழியாகவே சாலையில் இறங்கி
நடுக்கோட்டின்மேல் படுத்தேன்.
தார் சூடாக இருந்தது.
யாருடைய நாயோ வந்து
என் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்தது.
அதற்கு அந்த மூன்றாவது சுரம்
பிடித்திருந்தது போலும்,
அது வரும்போதெல்லாம்
வாலால் ஒரு தட்டு.