முதல் ஈடு

புயல் போய் மூன்று வாரம்,
இன்றுதான் இளஞ்செழியனுக்கு லீவு.
மின்கம்பம் ஏறுகிற கைகள்
கொழுக்கட்டை மாவில்.

"சுடும், பார்த்து" என்றேன்.
"பதினோராயிரம் வோல்ட்டை விடவா?"
சொல்லிவிட்டு விரலை ஊதிக்கொள்கிறான்.

மார்கழிப் பனியில் எதிர்வீட்டைக் காணோம்.
மன்னார்குடி முழுக்க இப்படித்தான் இருக்கும்:
பால்காரரின் மணி முதலில் வரும்,
சைக்கிள் பிறகு.

எள்ளும் வெல்லமும் இடித்து ஒரு கிண்ணம்.
நேற்று மிஞ்சிய மொச்சையை மசித்து
பச்சைமிளகாய் கிள்ளிப்போட்டு இன்னொன்று.
குழம்பாமல் இருக்க ஓர் ஏற்பாடு:
இனிப்புக்கு மூக்கு, காரத்துக்கு மடிப்பு.
அவன் பிடித்தவற்றுக்கு இரண்டும் இருக்கின்றன.

வெடித்த இடத்தை ஈரவிரலால் தடவி ஒட்டுகிறான்,
ஒயருக்கு டேப் சுற்றுகிற கவனத்தோடு,
நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு.
இந்த முகத்தை
எங்கள் தெருக் கம்பத்தில் ஒருமுறை பார்த்தேன்,
கீழே நின்று, கழுத்து வலிக்க.
இவ்வளவு பக்கத்தில் இல்லை.

முதல் ஈடு வேகும்போது போன்.
வடுவூர்ப் பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் படுத்துவிட்டதாம்.
இட்லிப் பானையைப் பார்க்கிறான்,
என்னைப் பார்க்கிறான்.
நான் ஐந்து விரலைக் காட்டுகிறேன்.

"கிளம்பிட்டேன் சார்" என்கிறான் போனில்,
சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி.

வடுவூரே, கொஞ்சம் பொறுத்துக்கொள்.

ஆவியோடு ஒன்றைப் பிட்டு நீட்டுகிறேன்,
மடிப்பைப் பார்த்துக் காரம் என்று நினைத்து.
எள்.